வைஸ் வாங்குவதா, செய்வதா? பெஞ்சுக்கு எந்த மரம்?

பெருந்துறையில் இருக்கும் என் சித்தி மகன் போன வாரம் கூப்பிட்டான். வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தகரக் கொட்டகை போட்டாயிற்று, இழைப்புளி, நாலு உளி, ரம்பம், ட்ரில் எல்லாம் சேர்த்தாயிற்று, ஆனால் பலகையை ஓரம் இழைக்கத் தொடங்கினால் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு இழைத்தால் ஓரம் கோணிப்போகிறது. "வைஸ் கடையில வாங்கிரட்டுங்களாண்ணா, இல்ல நானே செஞ்சுக்கலாமா?" என்று கேட்டான். முக்கால் மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகுதான் சொல்லாமல் விட்டது நிறைய இருப்பது தெரிந்தது. அதனால் எழுதிவிடுகிறேன், வீட்டிலேயே மரவேலை தொடங்க நினைக்கிற மற்றவர்களுக்கும் ஆகட்டும்.

முதலில் ஒன்று. வைஸ் என்பது பலகையைத் திருகி இறுக்கிப் பிடிக்கும் கவ்வி, பெஞ்ச் என்பது அதை மாட்டி வேலை செய்கிற மேசை. வைஸ் வேறு, பெஞ்ச் வேறு என்று பிரித்து யோசிக்கும்போதுதான் காசு வீணாகிறது. நல்ல வைஸை ஆடுகிற மேசையில் மாட்டினால் பலகையோடு மேசையும் சேர்ந்து நகரும். கனமான பெஞ்சைச் செய்து முடித்துவிட்டு அதன் காலுக்கும் மேல்பலகைக்கும் பொருந்தாத வைஸை வாங்கி வந்தால் மறுபடி பெஞ்சை அறுக்க வேண்டும், நான் அறுத்திருக்கிறேன். ரெண்டும் ஒரே முடிவு. அந்த முடிவையும் நீங்கள் அதிகமாகச் செய்யப்போகிற வேலையை வைத்துத்தான் எடுக்க வேண்டும்: கட்டை மரத்தை இழைத்துச் சாமான் செய்யப்போகிறீர்களா, பெட்டி மாதிரி சின்ன வேலையில் முனை மூட்டு அறுக்கப்போகிறீர்களா, இல்லை பிளைவுட் வெட்டி அலமாரி அடிக்கப்போகிறீர்களா?

வைஸே இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது, அதைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. எங்கள் வீட்டுக்கு வாசல் நிலை செய்த பெரியவர் கடைசி வரைக்கும் வைஸ் வைத்துக்கொண்டதில்லை. தரையில் உட்கார்ந்து, பலகையின் ஒரு முனையைச் சுவரோரம் அடித்த கட்டைக்கு முட்டுக் கொடுத்து, இன்னொரு முனையைக் கால் விரலாலும் குதிகாலாலும் அணைத்துக்கொண்டு இழைப்பார். நூல் பிடித்த மாதிரி வரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த வயதில், எப்படிங்கய்யா ஆடாமல் நிற்கிறது என்று கேட்டதற்கு, "இறுக்கிப் புடிக்கோணும்னு இல்லீங்க தம்பி, அது ஓடாம நின்னாப் போதும்" என்றார். நாற்பது வயதில் பெஞ்ச் செய்யும்போதுதான் அந்தப் பேச்சின் முழு அர்த்தமும் எனக்குப் பிடிபட்டது. பலகையின் அகலப் பக்கத்தை இழைக்க வைஸ் வேண்டியதே இல்லை. பெஞ்சின் இடது முனையில், மேலே அரை இன்ச் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முட்டுக்கட்டை, பக்கவாட்டில் நகராமல் இருக்க ஒரு ரீப்பர், அவ்வளவுதான். தள்ளுகிற விசை பலகையை முட்டிலேயே கொண்டுபோய் அழுத்துகிறது. எந்த வைஸை எடுத்தாலும் இந்த முட்டுக்கட்டையைக் கட்டாயம் வையுங்கள். ஆனால் நம்மில் நிறையப் பேருக்கு அவரைப் போலத் தரையில் எட்டு மணி நேரம் உட்கார இடுப்பும் முழங்காலும் இடம் கொடுக்காது, ஓரம் இழைக்கவும் முனை அறுக்கவும் பலகையைச் செங்குத்தாகப் பிடிக்கவும் வேண்டியிருக்கிறது. அங்கேதான் வைஸ்.

பெஞ்சுக்கு வருகிறேன். கொங்குப் பக்கம் நம் கைக்கு எட்டும் வழிகள் மூன்று.

இரும்புச் சட்டத்தின் மேல் பிளைவுட் போடுவது ஒன்று. திருப்பூர், ஈரோடு, திருச்செங்கோடு என்று எங்கே போனாலும் வெல்டிங் பட்டறைக்குக் குறைவில்லை, காலையில் அளவு கொடுத்தால் சாயந்திரம் சட்டம் தயார். ரெண்டு இன்ச் சதுரக் குழாயில், 2 மி.மீ. தடிமன் எடுத்தால், மீட்டருக்குச் சுமார் மூன்று கிலோ வரும். ஒரு பெஞ்சுக்குப் பத்து மீட்டர் என்றால் முப்பது கிலோ. மேலே 18 மி.மீ. பிளைவுட் ரெண்டு அடுக்கு ஒட்டிப் போட்டால் மட்டமான, வளையாத மேல்பரப்பு கிடைக்கும். குறை என்னவென்றால் கொட்டாப்புளியால் உளியை அடிக்கும்போது சட்டம் அதிர்ந்து ஒலிக்கும், அடியின் பலம் மரத்துக்குப் போகாமல் சட்டத்தில் கரையும். குறுக்குச் சட்டம் சாய்வாக வைக்காவிட்டால் இழைக்கும்போது நீளவாக்கில் ஆடும். கால்களுக்குள் நன்றாகக் காய்ந்த மணலை நிரப்பி மேலே அடைத்து வெல்டு வைத்தால் அந்தக் காலின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, அதிர்வும் வெகுவாக அடங்குகிறது. ஈரமணல் போட்டுவிடாதீர்கள், உள்ளிருந்து துருப்பிடிக்கும். பிளைவுட் வெட்டி அலமாரி அடிக்கிறவர்களுக்கு, கை இயந்திரங்களை வைத்தே வேலை செய்கிறவர்களுக்கு, இதுவே போதும், நல்ல தேர்வும்கூட.

இரண்டாவது, இறக்குமதி இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பைன் மரம். திருப்பூரில் நிட்டிங் மெஷின் வந்த பெட்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் நீளமான சட்டங்கள் கிடைக்கும். வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது, வீட்டுக் கொட்டகையில் வைத்து அறுத்து இழைக்க அது வேண்டாம். பைன் லேசான மரம், கன அடிக்குப் பதின்மூன்று பதினாலு கிலோதான் வரும், அதனால் தடிமனாக ஒட்டிச் சேர்க்க வேண்டும். மெத்தென்று இருப்பது குறை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அது குறையாகப் படவில்லை. கை தவறி வேலைப்பொருள் விழுந்தால் பெஞ்சில் குழி விழுமே தவிரச் செய்துகொண்டிருக்கும் சாமானில் விழாது. கையில் காசு குறைவு, இழைத்துப் பழகவும் வேண்டும் என்றால் பைன் நல்ல வாத்தியார்.

மூன்றாவது, நான் செய்தது. பழைய ஓட்டு வீடுகளையும் தொட்டிக்கட்டு வீடுகளையும் பிரிக்கும்போது வருகிற உத்திரமும் விட்டமும். அவை வந்து சேரும் பழைய மரக்கடைகளுக்குப் பொறுமையாக நாலு நடை போனால் மூன்று இன்ச் தடிமனில் நல்ல மரம் அகப்படும். பல வருடம் வீட்டுக் கூரையில் காய்ந்த மரம், இனி முறுக்கிக்கொள்ள அதில் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்று இன்ச் தடிமனுக்கு ரெண்டேகால் கன அடி. தேக்கு கன அடிக்குப் பதினெட்டு கிலோ என்று வைத்தால் மேல்பலகை மட்டுமே நாற்பது கிலோ. காலும் குறுக்குச் சட்டமும் சேர்ந்து எண்பதைத் தொடும். அந்த எடையில் பெஞ்ச் நகர்வதில்லை, கொட்டாப்புளி அடி நேரே உளிக்குப் போகிறது. தேக்குதான் வேண்டும் என்றும் இல்லை. வேம்பு கனமான மரம், கரையானும் அவ்வளவு சீக்கிரம் அண்டாது. ஆனால் ரேகை பின்னிப் பின்னிப் போவதால் இழைப்புளி இடையில் பிய்க்கும், கூர்மையான தகட்டோடு மெல்லிசாக இழைக்க வேண்டும். எந்தப் பழைய மரத்தையும் ரம்பத்தில் கொடுக்கும் முன் காந்தத்தை வைத்து நாலு பக்கமும் தடவிப் பாருங்கள். நான் பார்த்தும் ஒரு ஆணி தப்பிவிட்டது, அறுவை மில்லில் பட்டை ரம்பத்தின் பல் போய், அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.

மாமரம் மலிவாகக் கிடைக்கும், பெஞ்சுக்கு வேண்டாம். வளையும், உளுத்தும் போகும்.

கெட்டி மரத்தில் மேல்பலகை போடுகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. மாசி, பங்குனியில் நம்மூர் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும், ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் ஈரம் இருக்கும். ஒன்றரை அடி அகலப் பலகை இந்த ரெண்டு காலத்துக்கும் நடுவில் ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச், வரைக்கும் அகலத்தில் விரிந்து சுருங்கும். முன்பக்கம் இறுக்கமாகவும் பின்பக்கம் நீளத் துளையில் போல்ட் போட்டும் மாட்டினால் பலகை தன் போக்கில் நகர்ந்துகொள்ளும். இரண்டு பக்கமும் இறுக்கினால் வெடிக்கும்.

உயரம்: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கை எங்கே வருகிறதோ அதுதான் கை இழைப்புளிக்கான உயரம். யாரோ எழுதிய அளவை அப்படியே எடுக்காதீர்கள், உங்கள் கையை அளந்து பாருங்கள்.

இனி வைஸ். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் வார்ப்பிரும்பு மரவேலை வைஸ், ஏழு இன்ச், ஒன்பது இன்ச் அளவுகளில் வருவது, மோசமானதில்லை. ரெண்டு வழிகாட்டித் தண்டுகளோடு வருவதால் கீழே குனிந்து எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை, சிலவற்றில் சட்டென்று திறக்கும் நெம்பும் உண்டு. மேல்பலகைக்கு அடியில் மாட்ட வேண்டும், தாடை, அதாவது பலகையைக் கவ்வும் முகம், மேல்மட்டத்துக்கு அரை இன்ச் கீழே வரும்படி கட்டை வைத்து உயரம் சரிசெய்து, ரெண்டு தாடைக்கும் மரம் போர்த்த வேண்டும். இரும்புச் சட்ட பெஞ்சுக்கு இதுதான் பொருத்தம், ஏனென்றால் பெஞ்சின் காலையே ஒரு தாடையாக வைக்கும் கால் வைஸ் (பின்னால் சொல்கிறேன்) மாட்ட அதில் கனமான மரக்கால் இல்லை. நான் முதலில் வாங்கிய மலிவான ஒன்று இரண்டாம் வருடம் தாடையில் கீறல் விட்டது. வார்ப்பில் உள்ளே ஓட்டை இருந்தது, உடைந்த இடத்தில் கண்ணுக்கே தெரிந்தது. வார்ப்பிரும்பு வளையாது, நேரே உடையும். அதனால் கைப்பிடியில் குழாயைச் செருகி இறுக்காதீர்கள், வைஸின் மேல் சுத்தியலால் அடிக்காதீர்கள், வாங்கும்போதே தாடையை முழுதாகத் திறந்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். இரும்பு ஃபிட்டர் வைஸை மரத்துக்கு வாங்க வேண்டாம். அதன் தாடையில் இருக்கும் பல் பலகையில் தடம் பதிக்கும், பெஞ்சுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பதால் நீளப் பலகையை அதில் வைத்து இழைக்கவும் முடியாது.

நாமே செய்வதில் எல்லாரும் முதலில் போவது கட்டுமானக் கடையில் கிடைக்கும் 20 மி.மீ. திரெட் ராடுக்குத்தான், நீளம் முழுக்க மரை வெட்டிய கம்பி அது. மலிவு, ரெண்டு நட்டு, ஒரு வாஷர், முடிந்தது. நானும் அதில்தான் ஆரம்பித்தேன். அதன் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி இரண்டரை மி.மீ. அதாவது ரெண்டு இன்ச் திறக்க இருபது சுற்று. ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறந்து மூடுகிறவர்களுக்குத்தான் அந்த இருபது சுற்றின் அலுப்பு தெரியும். மரை கூர்முனையாக இருப்பதால் உரசல் அதிகம், இழைப்புத் தூள் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும், நட்டு தேய்ந்து ஒருநாள் இறுக்கும்போது வழுக்கும். ஒரு வருடம் பழகிப் பார்க்க என்றால் செய்யலாம், தப்பில்லை.

நம் பக்கத்துக்காரர்களுக்கு என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு மனசு கேட்பதில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, மில்லும் பம்பு செட்டும் வளர்ந்து, அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்ய லேத் பட்டறைகள் பெருகிய ஊர் கோயம்புத்தூர். கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் பக்கம் நடந்தால் காதில் விழுவதெல்லாம் லேத் சத்தம்தான். வேறு ஊர்களில் மரவேலைக்காரர்கள் வைஸ் திருகுக்காக வெளியூர் தேடி அலைய வேண்டியிருக்கும், இங்கே ஒரு ஒன்றேகால் இன்ச் தண்டை எடுத்துக்கொண்டு போய், இன்ச்சுக்கு நாலு மரை வெட்டிக் கொடுங்கள் என்று சொன்னால் போதும். நாலு மரை என்றால் ஒரு சுற்றுக்கு ஆறேகால் மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், ரெண்டு இன்ச்சுக்கு எட்டுச் சுற்று. இருபது எங்கே, எட்டு எங்கே.

நான் போனபோது சதுர மரைதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன், படித்தது அப்படி. லேத்துக்காரர் அண்ணன் பொறுமையாக, "ஸ்கொயர் வேண்டாமுங்க, ஆக்மி போட்டுக்கலாம், வெட்டுறது லேசு, மரை அடியில தடியா நிக்கும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஆக்மி மரையின் ரெண்டு பக்கச் சரிவுக்கும் நடுவில் இருபத்தொன்பது டிகிரி, அதனால் அடிப்பாகம் அகன்று பலமாக இருக்கும், நட்டின் உள்ளே வெட்டுவதும் சுலபம். உரசல் சதுர மரையைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், கையில் தெரியவில்லை. நட்டை மட்டும் கன்மெட்டலில், அதாவது ஒருவகை வெண்கலத்தில், செய்யச் சொல்லுங்கள். தேய்வதாக இருந்தால் நட்டு தேயட்டும், நட்டை மாற்றிக்கொள்ளலாம்.

புதிதாக வெட்டக் காசு இல்லை என்றால் பழைய இரும்பு. உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் ஏதாவது இயந்திரத்தில் இருந்து கழற்றிய திருகு கிடைக்கும். நட்டோடு சேர்ந்து இருந்தால் மட்டும் எடுங்கள், திருகு மட்டும் கிடைத்து அதற்குப் பொருந்துகிற நட்டைத் தனியாக வெட்டக் கொடுப்பது புதிதாக ரெண்டையும் வெட்டுவதை விடத் தொல்லை. சென்ட்ரிங் வேலையில் பயன்படுகிற ஜாக்கியின் திருகும் நல்லதுதான், மரை பெரிதாக உருண்டு இருக்கும், கொஞ்சம் லூசாக ஆடும், ஆனால் தூளுக்கும் அழுக்குக்கும் அசையாது.

இந்தத் திருகை எதில் மாட்டுவது? இரண்டு வழி. முனை மூட்டு அதிகம் அறுப்பவர்களுக்கு, பெட்டி, டிராயர் என்று புறாவால் இணைப்பு (டவ்டெயில்) போடுகிறவர்களுக்கு, ரெட்டைத் திருகு வைஸ். ரெண்டடி நீளத்தில் ரெண்டு கட்டை, ரெண்டு ஓரத்திலும் ஒவ்வொரு திருகு, பெஞ்சின் மேலே வைத்துக் கவ்வியில் இறுக்கிக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் எடுத்துச் சுவரில் மாட்டிவிடலாம். வேலை அரை அடி உயர்வதால் குனிய வேண்டியதில்லை. இதற்குத் திரெட் ராடே போதும், ஏனென்றால் ஒரே தடிமன் பலகைகளைத்தான் மாற்றி மாற்றி வைக்கப்போகிறோம், ஒவ்வொரு தடவையும் அரைச்சுற்றில் வேலை முடிந்துவிடும். ஒரே நாளில் செய்யலாம். ஆனால் ஆறடிப் பலகையின் ஓரத்தை இதில் வைத்து இழைக்க முடியாது.

இழைப்பவர்களுக்குக் கால் வைஸ். பெஞ்சின் இடது முன்காலே ஒரு தாடை, அதற்கு எதிரில் தரைக்குச் சற்று மேல் வரைக்கும் இறங்கும் ஏழு இன்ச் அகலக் கட்டை இன்னொரு தாடை. திருகு மேலிருந்து ஒன்பது இன்ச் கீழே, அடியில் ஒரு வழிகாட்டிச் சட்டம், அதில் இன்ச்சுக்கு ஒரு துளை, துளையில் ஒரு முளை. அடியில் முளை முட்டிக்கொண்டு நிற்க, நடுவில் திருகு இழுக்க, மேலே பலகை இறுகும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. முளை திருகுக்குப் பதினெட்டு இன்ச் கீழே இருந்தால், திருகு நூறு கிலோவுக்கு இழுக்கும்போது மேலே அறுபத்தேழு கிலோ வரும். குனியச் சோம்பி முளையைப் பன்னிரண்டு இன்ச்சிலேயே வைத்தால் ஐம்பத்தேழுதான். அதனால் வழிகாட்டியை எவ்வளவு கீழே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கீழே வையுங்கள். பலகைத் தடிமன் மாறும்போதெல்லாம் குனிந்து முளையை மாற்றத்தான் வேண்டும், கால் வைஸின் உண்மையான குறை அது ஒன்றுதான். ரெண்டு இரும்புப் பட்டையைக் கத்திரிக்கோல் மாதிரி நடுவில் பூட்டிக் காலுக்கும் தாடைக்கும் நடுவே வைத்தால் அந்தக் குனிவும் இல்லை, வெல்டிங் பட்டறையில் செய்துகொடுப்பார்கள், ஆனால் துளைகள் துல்லியமாக வராவிட்டால் தாடை கோணும். முதல் பெஞ்சுக்கு முளையே போதும்.

தாடைக்கு வாகை எடுத்தேன், செக்குக்குப் போடுகிற மரம், நசுங்காது. கருவேலம் கிடைத்தால் இன்னும் நல்லது. வாகையின் வைரம் ஏறாத வெளிறிய வெளிப்பகுதியைச் செதுக்கிவிடுங்கள், உளுப்பு அதில்தான் முதலில் விழும்.

அப்புறம், மூன்று இன்ச் மேல்பலகை இருக்கிறவர்கள் கொல்லுப்பட்டறையில் ஒரு கொக்கியும் அடித்துவாங்கிக்கொள்ளலாம். 19 மி.மீ. கம்பி, மேலே வாத்து மூக்கு மாதிரி வளைவு, பெஞ்சில் அதைவிட ஒரு மி.மீ. பெரிய துளை. தலையில் ஒரு தட்டு தட்டினால் துளைக்குள் சாய்ந்து முறுகிப் பலகையை அமுக்கிப் பிடிக்கும், பின்னால் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். வழுக்கினால் கம்பியை எமரித் தாளால் குறுக்கே சொரசொரப்பாக்குங்கள். கட்டிடக் கம்பியில் இருக்கும் வரிகள் துளையைக் குதறும், அது வேண்டாம். 36 மி.மீ. பிளைவுட்டில் இந்தக் கொக்கி அவ்வளவாகப் பிடிக்காது, தடிமன் போதாது.

சித்தி மகனுக்கு நான் சொன்னது இதுதான். அவனுக்குக் கட்டை மரத்தில் ஸ்டூலும் கட்டிலும் செய்ய ஆசை, பெருந்துறையில் இருந்து கோவை ஒரு பஸ் தூரம், அதனால் பழைய உத்திரத்தில் பெஞ்ச், ஆக்மி திருகில் கால் வைஸ், முட்டுக்கட்டை. காசு இப்போது பத்தாது என்றால் பெஞ்சைக் குறைக்காதே, வைஸை ஒத்திப்போடு, முட்டுக்கட்டையும் கொக்கியும் வைத்து ஆறு மாதம் ஓட்டு என்றேன். ஆனால் இடது முன்காலை மட்டும் இப்போதே நாலு இன்ச்சுக்கு ஆறு இன்ச் எடுத்து, மேல்பலகையின் ஓரத்தோடு ஒரே மட்டமாக நிறுத்து, நான் உள்ளே தள்ளி நிறுத்திவிட்டுத்தான் பெஞ்சை அறுத்தேன். திருகுக்கான துளையை, பெஞ்சைப் பூட்டுவதற்கு முன்பே, காலையும் தாடையையும் ஒன்றாகச் சேர்த்துக் கவ்வி, ஒரே ஓட்டத்தில் போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் திருகு ஓரம் உரசும். துளை திருகு போகும் அளவுக்கு இருக்கட்டும், பிறகு தாடையின் துளையை மட்டும் ஒரு நூல் பெரிதாக்க வேண்டும். பூட்டிய பிறகு தாடையின் மேல்விளிம்பு முதலில் தொடுகிறதா பாருங்கள், உள்முகத்தில் நடுவில் இருந்து கீழே கொஞ்சம் இழைத்து எடுத்தால் அது வந்துவிடும்.